தகரப் பெட்டிக்குள் ஒரு கால்பந்துக் கழகம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 ஜனவரி 19 அன்று கொல்கத்தா சால்ட் லேக் விளையாட்டரங்கில் மோகன் பகான் அணியும் ஈஸ்ட் பெங்கால் அணியும் மோதின. மோகன் பகான் 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆயினும் அந்நாளின் படமாக நாடெங்கும் பரவியது கோல் அடித்தவரின் படம் அன்று. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தமது மாடத்தில் விரித்துப் பிடித்த மாபெரும் பதாகையின் படம். இம்மண் இரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் கொடுத்து அன்று என்னும் பொருள்பட வங்கமொழியில் அதில் எழுதப்பட்டிருந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறி ஒரு மாதம் கடந்திருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேடு 19 லட்சம் பேரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

பந்தாட்டம் பார்க்க வந்தவர்களுக்குக் காகிதத்தின் மீது இவ்வளவு சினம் ஏன்? விடை அந்த ரசிகர்களின் வீடுகளில் இருக்கிறது. தகரப் பெட்டிகளிலும், அலமாரியில் துணிக்கு அடியிலும், நாளேட்டில் சுற்றி வைக்கப்பட்ட பழைய புகைப்படங்களில் இருக்கிறது. கழகம் தோன்றிய நாளான ஆகஸ்ட் 1 வரும்போதும், பெரிய ஆட்டம் நெருங்கும்போதும் இப்படங்கள் வெளியே வருகின்றன, கைமாறுகின்றன. மரப்பலகை மாடம், விரித்த குடைகள், முழங்கால்வரை சேறு படிந்த ஆட்டக்காரர்கள். படமெடுத்தவர் பார்த்தது ஆட்டக்காரரை. படத்தைக் கையில் வாங்குபவரோ பின்னணியில் மங்கித் தெரியும் கூட்டத்தில் தம் தந்தையின் முகத்தைத் தேடுகிறார். பல குடும்பங்களில் எல்லை கடந்து வந்த தலைமுறைக்கு வேறு படமே இல்லை.

ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920இல் தொடங்கப்பட்டது. சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் ஜோராபகான் அணியிலிருந்து ஓர் ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டார்; அதை ஏற்காத துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறிப் புதிய கழகம் கண்டார். கிழக்கு வங்கத்தார் என்பதால் கொல்கத்தா மேட்டுக்குடியினர் காட்டிய இளக்காரமே அதன் விதை. எனினும் அது அன்றைக்கு ஒரு கழகம் மட்டுமே. 1947க்குப் பிறகுதான் அது வீடாயிற்று.

பிரிவினை இலட்சக்கணக்கானோரை சியால்தா ரயில் நிலைய நடைமேடையில் கொண்டுவந்து போட்டது. ஜாதவ்பூர் அருகே கைவிடப்பட்டுக் கிடந்த இராணுவக் குடில்களில் அகதிகள் குடியேறினர். அதுவே விஜயகர் காலனி. தரிசாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலனிகள் எழுந்தன. 1950இல் இடதுசாரிகளின் முன்முயற்சியில் ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சில் உருவாயிற்று. 1951இல் மாநில அரசு வெளியேற்றும் மசோதாவைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து இம்மக்கள் வீதியில் நின்றனர். அவர்களிடம் பட்டா இல்லை. அரசு கேட்டது அதைத்தான்.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. பகலில் குடிசையைக் காக்கத் தடியேந்தியவர்கள் மாலையில் மைதானத்தில் வென்றார்கள் என்று சொல்லத் தோன்றும். அது சற்று மிகை. ஆனால் ஊரும் நிலமும் இழந்து வந்தவர்களுக்கு, தாம் இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் அணி வெல்வது எவ்வளவு பெரியது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த ஆண்டுகளின் புகைப்படங்களில் அதிகம் காணப்படுவோர் முன்வரிசை ஆட்டக்காரர் ஐவர்: அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. ரசிகர்கள் அவர்களுக்கு இட்ட பெயர் பஞ்சபாண்டவர். ஐவரில் ஒருவர்கூடக் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர் அல்லர். ஒருவர்கூட வங்காளியே அல்லர். காக்கிநாடாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தென்னாட்டார். இந்துவும் முஸ்லிமும் கலந்த ஐவர். மதக்கலவரத்திலிருந்து உயிர்தப்பி வந்த ஒரு மக்கள் அகமது கானையும் சாலேயையும் பாண்டவர் என்று அழைத்து நெஞ்சில் வைத்துக்கொண்டனர். இன்று அந்த அகதிகளின் துயரத்தை மதவெறிக்கு மூலதனமாக்க முனைவோர் இந்த ஒரு படத்தைப் பற்றி என்ன சொல்வார்கள்?

எதிரணியின் பெட்டியிலும் விலைமதிப்பற்ற படங்கள் உண்டு. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்திக் கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியின் குழுப்படம் அவற்றில் முதன்மையானது. பதினொருவரில் ஒருவர் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து கொல்கத்தா லீக்கை வென்றது. அந்தப் படங்களில் பல எல்லைக்கு அப்பால் போய்விட்டன.

இந்தப் படங்களில் பெண்கள் அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது கொல்கத்தாவின் வழக்கம். வென்ற மாலையில் மீனின் விலை ஏறும். அந்த மீனை அரிந்து சமைத்தவரின் படத்தை எவரும் எடுக்கவில்லை. தண்டகாரண்யத்துக்கும் அந்தமானுக்கும் அனுப்பப்பட்ட அகதிகளுக்கோ மைதானமும் எட்டாது, படமும் எட்டாது. ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) இங்கே நினைவுக்கு வருகிறது. அதில் அகதிக் குடும்பத்தின் இளைய மகன் கால்பந்து ஆடுபவன். தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. அங்கே இயந்திரத்தில் சிக்கி அடிபடுகிறான்.

எல்லாப் படங்களும் மகிழ்வோடு கைமாறுபவை அல்ல. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு அணிகளும் ஆடியபோது மாடத்தில் மூண்ட சண்டையிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தனர். ஆட்டம் பார்க்கப் போய் வீடு திரும்பாதவர்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அவர்கள் நினைவாக இரத்ததானம் நடைபெறுகிறது. பழைய நாட்களைப் போற்றுவோர் சிலர் இந்த ஒரு பக்கத்தை மட்டும் விரைவாகப் புரட்டிவிடுவதுண்டு. அது முறையன்று.

பதாகை பேசிய காகிதத்திற்குத் திரும்புவோம். கொல்கத்தாவின் பெருங்கழகங்கள் குடிகொண்டிருக்கும் மைதானமே இராணுவத்துக்குரிய நிலம். கழக அலுவலகத்தை இன்றும் ‘டென்ட்’, அதாவது கூடாரம் என்றுதான் அழைக்கிறார்கள். பட்டா இல்லாதவர்களின் கழகம், பட்டா இல்லாத நிலத்தில்! முதலாளிகள் வந்தபோது அவர்களும் ஒரு தாளை நீட்டினர். 2020இல் மோகன் பகானின் கால்பந்து அணி ஒரு பெருநிறுவனத்தின் அணியோடு இணைக்கப்பட்டு, நூறாண்டு கடந்த பெயருக்கு முன்னால் ‘ஏடிகே’ என்னும் மூன்றெழுத்து ஒட்டப்பட்டது. அதை நீக்கக் கோரி ரசிகர்கள் மூன்று ஆண்டு இடைவிடாது போராடினர். 2023இல் அந்த எழுத்துகள் நீங்கின. வேறொரு பின்னொட்டு வந்து சேர்ந்தது என்பது வேறு செய்தி.

2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணம் கூறி ரத்து செய்யப்பட்டது. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு மாடங்களில் முழக்கம் எழும் என்பதே அச்சம். ரத்தான ஆட்டத்திற்கு ரசிகர்கள் வந்தனர். செம்பொன் சட்டையும் பச்சை-அரக்குச் சட்டையும், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு-வெள்ளையும் விளையாட்டரங்கின் வெளியே ஒன்றாக நின்று தடியடி வாங்கின. அந்த மாலையின் படங்களும் இப்போது பெட்டிகளுக்குள் சேர்ந்துவிட்டன.

2025 நவம்பர் 4 அன்று, தமிழ்நாட்டைப் போலவே மேற்கு வங்கத்திலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட வேண்டியிருந்தது. அகதிக் காலனிகளில் தகரப் பெட்டிகள் மீண்டும் திறக்கப்பட்டன. இம்முறை தேடப்பட்டது புகைப்படம் அன்று.