விருந்தோம்பலும் வணிக அறமும்



'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. முன்பின் அறியாது வருபவரே விருந்தினர். வாசலில் வந்து நின்றவர்க்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்த பின்னரே ஊரும் பேரும் கேட்பது நம் கொங்கு நாட்டு மரபு. இன்று விருந்தோம்பல் ஒரு பெருந்தொழில். அறத்தின் பெயரால் பொருளீட்டும் அத்தொழிலுக்கு அவ்வறத்தைக் காக்கும் கடமையும் உண்டன்றோ? தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உடையோரை முன்வைத்து இவ்வினாவை எழுப்ப விரும்புகிறேன்.

முதற்சான்று நம் நாட்டிலேயே உள்ளது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இவர்களைக் குற்றவாளிகளாக்கியது. 2016இல் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற ஐவருள் பரதநாட்டியக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒருவர். நீம்ரானா விடுதிகளை நிறுவியவர்களுள் ஒருவரான அமன் நாத் மற்றொருவர். தரங்கம்பாடிக் கடற்கரை மாளிகையை விடுதியாக்கியது அந்நிறுவனமே. 2018இல் லலித் விடுதிக் குழுமத்தின் கேசவ் சூரியும் வழக்காட வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்ற தீர்ப்புக் கிடைத்தது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பரோ என்று இவ்வணிகர்கள் ஒதுங்கவில்லை; தம் பெயரையே வழக்கேட்டில் எழுதினர்.

எல்லை கடந்தால் இத்துணிவு அரிதாகிறது. 2025 செப்டம்பரில் இலங்கைச் சுற்றுலா மேம்பாட்டு ஆணையம், இத்தகைய பயணிகளை வரவேற்கும் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தது. ஆயினும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அப்போதும் ஏட்டில் இருந்தது. வந்தவர்க்கு மலர்மாலை, அவர்தம் அறையைப் பெருக்கும் உள்ளூர் இளைஞனுக்குச் சிறையச்சம். விருந்தினர் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார். அவ்விளைஞன் எங்கே செல்வான்?

2019இல் புருணை நாடு கல்லெறிந்து கொல்லும் தண்டனையை நடைமுறைக்குக் கொணர்ந்தபோது, அந்நாட்டு அரசுக்கு உரிய டார்செஸ்டர் விடுதிகளைப் புறக்கணிக்குமாறு உலகெங்கும் குரல் எழுந்தது. மே மாதம், அத்தண்டனை நிறைவேற்றப்படாது என மன்னர் அறிவித்தார், சட்டத்தையோ விலக்கவில்லை. புறக்கணிப்பு ஓரளவே பயன் தரும். அதன் சுமை ஊழியர் தலையிலும் விழும்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேரே விமானம் ஏறுகிறோம். சிங்கப்பூர் 2022இல் இத்தகைய சட்டத்தை நீக்கியது. சார்ஜாவிலோ தண்டனை உண்டு. நம் ஊர்ப் பயண நிறுவனத்தார் இவ்வேறுபாட்டை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். வெளிநாட்டு விடுதிகளோடு ஒப்பந்தம் செய்கையில், விருந்தினர்க்குரிய மதிப்பு ஊழியர்க்கும் உண்டா எனக் கேட்டல் வேண்டும். பாதிக்கப்படும் அந்நாட்டு மக்களைக் கலந்தே எதிர்ப்போ புறக்கணிப்போ மேற்கொள்ளல் வேண்டும்.

கவிஞர்களுக்கும் இதில் கடமை உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலையொட்டி, இம்மக்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அரசிதழ்ச் சொல் மக்கள் நாவில் ஏறுவது உங்கள் கவிதையால்தான். வசைச்சொல்லை விலக்கி நற்சொல்லை வழங்குவதும் விருந்தோம்பலே.