படிவத்தில் ஒரு வெற்றுக் கட்டம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிரிட்டனில் குடியேறி வாழும் நாம் மருத்துவமனைப் படிவங்களில் சந்திக்கும் ஒரு கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "உங்கள் இனம் எது?" என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பெயரையும் முகவரியையும் தயங்காமல் எழுதிய மாமா, இனம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். "நெஞ்சு வலி என்று வந்தவனிடம் பூர்வீகம் எதற்கு மருமகனே?" என்றார். பதிவு மேசையில் இருந்தவரிடம் காரணம் கேட்டேன். "அது விதி" என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. மாமா, 'கூற விரும்பவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

இத்தயக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 220 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இவ்விவரத்தை மருத்துவர்கள் சேகரிக்க வேண்டும் என்று ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கூறினர். ஆயினும் பாகுபாடு காட்ட அது பயன்படுமோ என 58 விழுக்காட்டினர் அஞ்சினர். வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களுக்கே தயக்கம் மிகுதியாக இருந்தது.

அந்த அச்சத்திற்கு வரலாறு உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர்களுக்கு உண்மையைக் கூறாமல், பென்சிலின் வந்த பின்னும் மருந்து தராமல், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்துறை நோயின் போக்கைக் கவனித்து வந்தது. அதற்காக 1997இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கோரினார். இங்கும், நோயாளிகளின் முகவரி போன்ற விவரங்களைக் குடியேற்றத்துறைக்குத் தரும் உடன்பாடு 2017இல் நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பினால் அடுத்த ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே அஞ்சுவோரை அறியாதவர் என்று இகழ்வது முறையன்று.

எனினும் அவ்விவரம் இல்லாவிடில் நேரும் இழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், தொற்று உறுதியானவர்களுள் வங்கதேச வம்சாவளியினர் இறக்கும் அபாயம் வெள்ளைப் பிரித்தானியரைவிட ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டறியப்பட்டது. அப்போது இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் இனம் குறிக்கப்படவில்லை. மருத்துவமனைப் படிவங்களில் முன்பே நிரப்பப்பட்டிருந்த கட்டங்களைக் கொண்டுதான் அநீதி வெளிப்பட்டது.

நம் உடல்நலத்திற்கும் இது பொருந்தும். நீரிழிவு நோய் தெற்காசியரை இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே தாக்குகிறது. உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால் வெள்ளையருக்கு எச்சரிக்கை. நமக்கோ 23 என்றாலே எச்சரிக்கை. நம் பூர்வீகம் அறியாத மருத்துவர் இந்த அளவுகோலை எவ்வாறு கைக்கொள்வார்?

ஆகவே மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலாவது, காரணத்தைக் கேளுங்கள். கூற மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; அதனால் சிகிச்சை மறுக்கப்படலாகாது.

இரண்டாவது, உங்கள் பெயரையோ முகத்தையோ பார்த்து மற்றவர் ஊகித்து எழுத இடந்தராதீர்கள். நீங்களே கூறுங்கள். இலங்கையிலிருந்து வந்தோர்க்குத் தனிக் கட்டம் இல்லாத படிவங்களில் 'ஏனைய ஆசியர்' என்பது உண்டு. மதம் வேறு, இனம் வேறு என்பதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது, மருத்துவமனைகளிலும் மருந்தகங்களிலும் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு. 'விதி' என்று கூறி நிறுத்திவிடாதீர்கள். அனைவருக்கும் தரமான சிகிச்சை கிடைக்கிறதா என்று கண்காணிக்கவே கேட்கிறோம் என விளக்கினால் மக்களின் தயக்கம் குறைகிறது என்பதையும் அந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மாமாவுக்கு நீரிழிவு இருப்பது இரண்டு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அன்று அக்கட்டத்தை நிரப்பியிருந்தால் முன்னரே தெரிந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்து இரண்டு நிமிடம் விளக்கியபோது, மாமா தாமே பேனாவை வாங்கிக் குறியிட்டார். அந்த இரண்டு நிமிடம் முதல் நாளே கிடைத்திருக்க வேண்டும்.