கவனத்தைக் கூட்டும் மாத்திரை: எலிக்கூண்டு சொல்லும் பாடம்



தேர்வு நெருங்கும் போதெல்லாம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடம்கூட உட்காரமாட்டேன் என்கிறான்" என்று அம்மா அங்கலாய்ப்பார். "வயசு அப்படி, போகப் போகச் சரியாகிவிடும்" என்று அப்பா சமாதானம் சொல்வார். பிறகு பள்ளியிலிருந்து அழைப்பு வரும். மருத்துவமனை, பரிசோதனை என்று அலைந்து, கடைசியில் கையில் ஒரு மருந்துச் சீட்டு இருக்கும்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பெற்றோர் இரண்டு விதமாகத் தவிக்கிறார்கள். 'பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிடுமோ' என்று அஞ்சுவோர் ஒரு பக்கம். 'பெரியவனுக்கும் ஒன்று கொடுத்தால் தேர்வில் கூடுதல் புள்ளி வாங்குவானே' என்று கணக்குப் போடுவோர் மறுபக்கம். இந்த இரு சாராருக்கும் தெளிவு தரக்கூடிய செய்தி, ஆய்வுக்கூடத்து எலிக்கூண்டில் இருக்கிறது.

தலைவலிக்குக் கொடுத்த மருந்து

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலையை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் தரப்படுவது தூக்க மருந்தல்ல, ஊக்க மருந்து. துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்கு ஊக்க மருந்தா? கேட்பதற்கே விந்தையாக இருக்கும்.

இந்த விந்தை 1937-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சிறுவர் மனநல இல்லம் ஒன்றில் பணியாற்றிய மருத்துவர் சார்ல்ஸ் பிராட்லி, மூளைப் பரிசோதனைக்குப் பின் பிள்ளைகளுக்கு வந்த தலைவலியைத் தணிக்க பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போனதோ இல்லையோ, சில பிள்ளைகள் பாடத்தில் அக்கறை காட்டத் தொடங்கினார்கள். பிறகு 30 பிள்ளைகளுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 14 பேரிடம் பள்ளி வேலையில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது.

1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டியே அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. மருந்து கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அது மூளையில் என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் நின்றது. அதற்கு விடை தேடத்தான் விஞ்ஞானிகள் எலிகளிடம் போனார்கள்.

ஐந்து துளைகள்

எலியின் கவனத்தை எப்படி அளப்பது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரெவர் ராபின்ஸும் அவருடைய குழுவினரும் 1980-களில் அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு சிறிய பெட்டி. அதன் ஒரு சுவரில் வரிசையாக ஐந்து துளைகள். எதிர்ச்சுவரில் தீனித் தட்டு. ஏதாவது ஒரு துளையில் அரை விநாடி மட்டும் விளக்கு எரிந்து அணையும். எந்தத் துளை என்று கவனித்து அதில் மூக்கை நுழைத்தால் ஒரு தீனி உருண்டை கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் விளக்கு எரிவதற்கு முன் சுமார் ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே மூக்கை நுழைத்தால் பெட்டி இருண்டுவிடும், தீனியும் இல்லை. இப்படி அரை மணி நேரத்தில் சுமார் 100 முறை. பல வாரப் பயிற்சிக்குப் பிறகு எலி இதில் தேறிவிடும். சரியான துளையைத் தொட்டால் அது கவனம். தொடாமலே விட்டால் கவனக்குறைவு. முந்திக்கொண்டால் அவசர புத்தி. வகுப்பறையில் ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்தும் மாணவன் நினைவுக்கு வருகிறானா?

இந்தப் பெட்டியிலும் இதைப் போன்ற மற்றச் சோதனைகளிலும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் சில உண்மைகள் தெரிய வந்தன. முதலாவது, மருந்து எல்லா எலிக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. கவனம் குறைந்த எலி சிறிய அளவு மருந்தில் தேறுகிறது. ஏற்கெனவே நன்றாகச் செய்யும் எலிக்குப் பெரிய ஆதாயம் இல்லை. இரண்டாவது, அளவு கூடினால் எலி வேகமாகச் செயல்படுகிறது, ஆனால் விளக்கு எரியும் முன்பே மூக்கை நுழைக்கிறது. வேகம் கூடுகிறது, பொறுமை குறைகிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு சோதனை. ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு பாதை. போன முறை இடப்பக்கம் போன எலி, இந்த முறை வலப்பக்கம் போக வேண்டும். சிறிய அளவு மருந்து கொடுத்தபோது எலிகளின் நினைவு மேம்பட்டது. அளவைக் கூட்டியபோது பல எலிகள் போன பக்கமே திரும்பத் திரும்பப் போயின. அளவு மேலும் மிகவும் கூடினால், முகர்ந்ததையே முகர்ந்துகொண்டும், கடித்ததையே கடித்துக்கொண்டும் எலி ஒரே இடத்தில் கிடக்கும். அதைக் கவனம் என்று யாராவது சொல்வார்களா?

வீணையின் தந்தி

இதற்குக் காரணம் என்ன? மூளையின் நரம்பு அணுக்கள் டோபமின், நோராட்ரினலின் என்ற பொருள்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மெத்தில்பெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. அதனால் அந்தப் பொருள்கள் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கின்றன. சிறிய அளவு மருந்து கொடுத்தால், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியில்தான் இவை அதிகமாகக் கூடுகின்றன என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரேக் பெரிட்ஜ் குழுவினர் 2006-இல் எலிகளிடம் அளந்து காட்டினார்கள். திட்டமிடுவதும், பொறுத்திருப்பதும், மனத்தைக் கட்டுப்படுத்துவதும் அந்தப் பகுதியின் வேலை.

வீணைத் தந்தி தொய்ந்திருந்தால் நாதம் இல்லை. அளவாக முறுக்கினால் சுருதி சேரும். மேலும் முறுக்கினால் அபசுரம்தான். முன்மூளையின் கதையும் அதுவே.

பெற்றோர் அறிய வேண்டியது

எலி எலிதான், பிள்ளை பிள்ளைதான். பசித்த எலி தீனிக்காக விளக்கைப் பார்ப்பதும், ஒரு சிறுமி கணக்கை யோசித்துப் போடுவதும் ஒன்றல்ல. ஆனால் எலிக்கூண்டில் கண்டவை மனிதர்களிடமும் எதிரொலித்தன.

அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தின் ஜூடித் ரெப்பபோர்ட் 1978-இல், எந்தக் குறையும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒரே ஒரு முறை ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அமைதியானார்கள், அவர்களுடைய கவனமும் கூடியது. ஆகவே, 'மருந்து கேட்கிறது, அப்படியென்றால் இவனுக்கு நோய் இருக்கிறது' என்று முடிவு கட்டுவது தவறு. பிள்ளையின் நிலையைத் தேர்ந்த மருத்துவர்தான் முறையாக ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

அப்படியானால் நல்ல பிள்ளைக்கும் கொடுக்கலாமே என்ற ஆசைக்கு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் பதில் தந்தார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்துக் கடினமான புதிர்களைப் போடச் சொன்னார்கள். அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், ஆனால் விடையின் தரம் குறைந்தது. முயற்சி கூடியது, புத்தி கூடவில்லை.

தம்பியின் மாத்திரையை அண்ணனுக்குக் கொடுப்பது இதனால்தான் ஆபத்தான விளையாட்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது மருத்துவரின் சீட்டின்றி வாங்க முடியாத கட்டுப்பாட்டு மருந்து. பசி குறைதல், தூக்கம் கெடுதல், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுதல் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. அதனால்தான் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, பிள்ளையின் எடையையும் உயரத்தையும் பார்த்துப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்.

அதே வேளையில், உண்மையாகவே தேவைப்படும் பிள்ளைக்கு அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு மருந்தை மறுப்பதும் அநியாயம். சரியான அளவில் அது பிள்ளையை மந்தமாக்குவதற்கல்ல, காத்திருந்து கவனிக்கும் திறனை மீட்டுக் கொடுப்பதற்கு. மருந்து கொடுத்த பிறகு பிள்ளை சிரிக்காமல், விளையாடாமல், ஒரே இடத்தில் வெறித்தபடி உட்கார்ந்திருந்தால், 'அடங்கிவிட்டான்' என்று மகிழ வேண்டாம். அளவு கூடிப்போன அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார்கள் பெரியோர். அந்த அளவு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. மருந்தின் அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மாத்திரை விழுங்கிய பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நாள்தோறும் பார்க்கக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே. அங்கே தேவைப்படுவது பெற்றோரின் கவனம்.