ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா? முதலில் காதைக் கேளுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இளைஞரும் தொழில்நுட்பமும்' என்று எனக்குப் பெரிய தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காதில் மாட்டும் ஹெட்போன், வாய்க்கு முன்னால் வைக்கும் ஒலிவாங்கி. இவ்வளவுதான். இதற்கு ஒரு உரையா என்று சிரிக்காதீர்கள். இந்த இரண்டு பொருளால் எங்கள் குடும்பத்தில் ஒரு வாரம் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

கடந்த பள்ளி விடுமுறையில் ஆயர் தாவாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சித்தியவானில் தொழிற்சாலை வேலை செய்கிறார். அவர் மகனுக்கு 16 வயது. கணினியில் விளையாடுவான். சொந்தமாக ராப் பாட்டு எழுதிப் பாடவும் செய்வான். அவன் கேட்டது 420 வெள்ளியில் ஒரு ஹெட்போன். நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும், பெட்டியின் மேல் '7.1' என்று பெரிதாக எழுதியிருக்கும், முன்பக்கம் சிறியதொரு ஒலிவாங்கி நீட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டுக்கும் பாட்டுக்கும் இது ஒன்றே போதும் என்பது அவன் வாதம். குறைந்தபட்சச் சம்பளத்தை 2025-இல்தான் 1,700 வெள்ளியாக உயர்த்தினார்கள். 420 வெள்ளி என்றால் அதில் ஏறக்குறைய கால்வாசி.

"தம்பி, நீதான் டிவியில இருக்க. இவனுக்கு நல்லா எடுத்துச் சொல்லு" என்றார் அக்கா. "மாமா, நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான் மருமகன். நான் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். யாருடைய காது, எந்த அறை, என்ன வேலை என்று பார்த்து வாங்குங்கள்.

அக்காவின் பக்கம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. கணினி விளையாட்டு என்றாலே பிள்ளை கெட்டுப்போகிறான் என்று நம் வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறோம். 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் கொடுத்தார்கள். 2024-இல் நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் குழு ரியாத் வரை போய் மொபைல் லெஜன்ட்ஸ் கிண்ணத்தை வென்று வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அங்கே போய்விட முடியாதுதான். ஆனால் பையன் கேட்ட பொருளை வெட்டிச் செலவு என்று தள்ளிவிடவும் முடியாது.

இனி பையனின் பக்கம். அந்த '7.1' என்ன? ஏழு திசையில் ஏழு ஒலிபெருக்கியும் அடித்தொனிக்கென்று ஒன்றுமாக எட்டு வைத்த திரையரங்குக் கணக்கு அது. ஹெட்போனுக்குள் எட்டு ஒலிபெருக்கி இருக்கிறதா என்று கேட்டேன். பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒன்றாக இரண்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் மென்பொருள் காட்டும் வித்தை. நமக்கு இருப்பதும் இரண்டு காதுதானே! வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை இடக்காதுக்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் தாமதித்து வருகிறது, சற்றே மங்கியும் வருகிறது. அதை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடும். எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று தெரிய, இடமும் வலமும் சுத்தமாகப் பிரிந்து கேட்கும் நல்ல இருகாது ஹெட்போன் போதும். விளக்கு எரிவதற்குக் கொடுக்கும் பணத்தில் காதுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

கம்பியில்லாத புளூடூத் வகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பேருந்தில் பாட்டுக் கேட்க மிக நல்லது. விளையாட்டுக்கும் பாடுவதற்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். சாதாரண புளூடூத்தில் ஓசை வந்து சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிந்தும். துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய முறையில் இயங்கும் புளூடூத் ஹெட்போனில் ஒலிவாங்கியைத் திறந்தவுடன், அதுவரை நன்றாக ஒலித்த பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பொருள் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கெடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒலியைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் தொலைபேசித் தரத்துக்கு அது இறங்கிக்கொள்கிறது. கம்பியில்லாமல்தான் வேண்டும் என்றால், கணினியில் செருகத் தனியாக ஒரு சிறு கருவியோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பாருங்கள். பணம் குறைவு என்றால் கம்பி உள்ளதே ராஜா.

காதை முழுவதும் மூடும் வகையில் இரண்டு உண்டு. பின்பக்கம் அடைத்தது ஒன்று, திறந்தது ஒன்று. திறந்த வகையில் ஓசை விரிந்து, இயற்கையாகக் கேட்கும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசியும். பாடிப் பதிவு செய்யும்போது அந்தக் கசிவை ஒலிவாங்கி பிடித்துக்கொள்ளும். ஒரே கூடத்தில் தாத்தா செய்தி பார்க்க, அம்மா மிக்சி ஓட்ட, தம்பி அழுகிற நம் வீடுகளுக்கு அடைத்த வகைதான் சரி.

கடைக்குப் போகும்போது உங்கள் கைத்தொலைபேசியில் உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும்! என் சோதனைக்கு நான் கொண்டுபோவது இரண்டு. ஒன்று, யோகி பி - நட்சத்ரா 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு. நம் ஊர்ப் பிள்ளைகளின் ராப் அது. வேகமாக வரும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்கிறதா என்று பார்ப்பேன். மற்றொன்று, ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் நானே கைத்தொலைபேசியில் பதிந்த உறுமி மேளம். உறுமியின் இழுப்பு அடிவயிற்றில் இறங்க வேண்டும். ஆனால் அதன் மேல் பாடுகிறவரின் குரல் மூழ்கக் கூடாது. மூழ்கினால் அந்த ஹெட்போன் அடித்தொனியை ஊதிப் பெரிதாக்குகிறது என்று பொருள். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும்.

வாங்கும் முன் பத்து நிமிடமாவது தலையில் மாட்டியிருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் செயற்கைத் தோல் மெத்தை வியர்த்து ஒட்டும், ஓரிரு ஆண்டில் உரியும். துணி மெத்தை நல்லது. கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். கண்ணாடி போடும் பிள்ளையாக இருந்தால் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். பெட்டியில் 'ஓம்' என்று ஒரு எண் இருக்கும். அது 250, 300 என்று இருந்தால் கைத்தொலைபேசியால் அதைத் தள்ள முடியாது. தனியாக ஒலிபெருக்கிக் கருவி கேட்கும். 32 அளவில் இருப்பது நமக்குப் போதும்.

ஒலிவாங்கிக்கு வருகிறேன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ஹெட்போனோடு வரும் ஒலிவாங்கி குழுவினரோடு பேசுவதற்கு நன்றாகப் பயன்படும். அந்த வகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின விஞ்ஞானியும் ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரும் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் ஒலிவாங்கியின் வழி வந்தது அது. தொலைபேசி, ஒலிப்பதிவுக் கருவி, காது கேட்கும் கருவி என்று உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பேச்சுக்கென்று செய்த சிறியதில் பாட்டைப் பதிந்தால் குரலில் சதை இருக்காது.

அதனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இணையத்தில் பாடகர்களின் படத்தைப் பார்த்து, 'கண்டென்சர்' ஒலிவாங்கியை வாங்கிவிடுகிறார்கள். மென்மையான பொருள், மூச்சைக்கூடப் பிடிக்கும். வாங்கி வந்து எங்கே வைக்கிறார்கள்? தகரக் கூரைக்குக் கீழே, சுழலும் மின்விசிறிக்குப் பக்கத்தில், சன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளும் சேவலும் இருக்கும் அறையில்! அது எல்லாவற்றையும் விசுவாசமாகப் பிடித்துக் கொடுக்கிறது. பிறகு ஒலிவாங்கி சரியில்லை என்று பழி.

அப்படிப்பட்ட அறைக்கு 'டைனமிக்' வகை ஏற்றது. மேடையில் பாடகர்கள் கையில் பிடித்திருப்பார்களே, அது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 1966 முதல் உலக மேடைகளில் இருக்கிறது. அதன் பெயரில் உள்ள 'எஸ்எம்' பதிவுக்கூட ஒலிவாங்கி என்பதன் சுருக்கம். புகழ் பெற்றது என்னவோ மேடையில்தான். இந்த வகைக்கு மென்மை குறைவு. அதுவே நமக்கு வசதி. வாய்க்கு அருகில் வைத்துப் பாடினால் குரலை எடுத்துக்கொண்டு, தூரத்து மின்விசிறியைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

அருகில் என்றால் நான்கைந்து விரற்கடை. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் தரம் இது. ரொம்பவும் நெருங்கினால் குரல் கனத்துப்போகும், 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்கும். வளைத்த கம்பியில் பழைய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி முன்னால் வைத்தால் அது நின்றுவிடும். இதய வடிவில் ஓசையைப் பிடிக்கும் ஒலிவாங்கியின் முதுகுப் பக்கம் செவிடு. அந்த முதுகை மின்விசிறிப் பக்கம் திருப்பி வையுங்கள். இன்னொன்று: சில ஒலிவாங்கிகளுக்கு நுனியில் பாட வேண்டும், சிலவற்றுக்குப் பக்கவாட்டில். பக்கவாட்டு வகையின் உச்சியைப் பார்த்துப் பாடிவிட்டுக் குரல் மங்கலாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கணினியில் நேரே செருகும் யுஎஸ்பி வகை தொடக்கத்துக்குப் போதும். அதிலேயே ஹெட்போன் செருகும் துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாடும்போது உங்கள் குரல் தாமதமின்றிக் காதில் விழும். எக்ஸ்எல்ஆர் கம்பி வகைக்குத் தனியாக இணைப்புக் கருவி வேண்டும். கண்டென்சராக இருந்தால் அந்தக் கருவி 48 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். முதல் பொருளுக்குப் பின்னால் அடுத்த பொருள் வரிசையில் நிற்கிறது என்பதைத் தாய் தந்தையரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் பிள்ளைகளே.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. நேரலை நடத்தும்போது தயாரிப்பாளரின் குரல் என் இடக்காதில் செருகிய கருவியில் வரும். கூட்டச் சத்தத்தில் அது கேட்க வேண்டுமே என்று பல ஆண்டுகள் ஓசையை உச்சத்தில் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானே வைத்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரவில் படுத்தால் அந்தக் காதில் சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். சோதித்ததில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கேள்வித்திறன் பள்ளமாக இறங்கியிருந்தது. கல்யாண வீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தவர் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் 'ச' எனக்கு வருவதில்லை, மற்றது வருகிறது. உட்காதில் இருக்கும் நுண்மயிர் அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பால்மரத்துப் பட்டையாவது வெட்டிய இடத்தில் மறுபடி வளரும்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் வாரத்துக்கே 5 மணி நேரம்தான். சனிக்கிழமை ஒரே இரவில் எங்கள் வீட்டுப் பையன் ஆடுவது அவ்வளவு. அடைத்த ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுத்தால் ஓசையைக் கூட்ட வேண்டிய தேவையே குறையும். நான் தரமானதை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இசை இனிமை அதற்கு அடுத்தது. பல கைத்தொலைபேசிகளில் ஓசைக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. பெற்றோர் இன்று இரவே அதைத் திறந்து பாருங்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது என்ன என்று கேட்பீர்கள். விளக்கு எரியாத, கம்பி உள்ள, அடைத்த ஹெட்போன் ஒன்று 155 வெள்ளி. யுஎஸ்பியில் செருகும் டைனமிக் ஒலிவாங்கி ஒன்று 190 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 345. முதல் நாள் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். விளக்கு இல்லையே! மறுநாள் அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்தோம். எதிரொலி அடங்கியது. சாயங்காலம் பதிவைத் தொடங்கினால் தகரத்தில் மழை. எந்த ஒலிவாங்கியும் ஆயர் தாவார் மழையை வென்றதில்லை. இரவு பத்தரைக்கு மழை விட்டது. மின்விசிறியை அணைத்தோம். அக்கா பழைய நாளிதழை மடித்து விசிறிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறையில் பையன் முழுப் பாட்டையும் பாடி முடித்தான்.