பல நூலகங்களில் கிடக்கும் ஒரு மலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மன்னவனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ நூலகங்களையும் அவற்றில் உறங்கும் ஆவணங்களையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். காரணம் எளியது. நாளை ஒருவர் மன்னவனூரின் கதையை எழுத விரும்பினால் அவர் எங்கே போக வேண்டும் என்ற வினாவுக்கு நம்மிடம் விடை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அந்த விடையில் மன்னவனூரின் பெயர் மட்டும் இல்லை. இந்த மலையின் வரலாறு சென்னையில் இருக்கிறது, இலண்டனில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது, செண்பகனூரில் இருக்கிறது. எங்கெங்கே, எவ்வெவ்வாறு இருக்கிறது என்பதை முதலில் காண்போம்.

முதலாவது அரசின் ஏடுகள். 1821இல் வார்டு என்னும் படையதிகாரி இம்மலைகளை அளந்து குறிப்பெழுதினார். அவர் நாளில் இதன் பெயர் வராககிரி. 1868இல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்டக் கையேட்டிலும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச் சுவடியிலும் இம்மலையும் இதன் குன்னுவர் குடிகளும் இடம்பெற்றுள்ளனர். இவற்றுக்கு அடிப்படையான கடிதங்களும் வருவாய்த் துறை நடவடிக்கைகளும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும் தேடத்தக்கவை. தேடுவோர்க்கு ஒரு குறிப்பு. திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய தாள்களை மதுரை என்ற தலைப்பிலேயே தேட வேண்டும். பழனி மலை என்ற பெயரும் அந்நாள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'புல்னி' என்றே நிற்கும். பெயர் தெரியாதவனுக்கு ஆவணம் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது சமயப் பணியாளரின் ஏடுகள். 1895இல் தொடங்கப்பெற்ற செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியில் இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தது முதல் அச்சபையார் தம் தலைமைக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதும் வழக்கமுடையவர். சமயச் செய்தியை அனுப்பவே அவர்கள் எழுதினார்கள்; ஆனால் போரும் பஞ்சமும் அரசியல் சூழ்ச்சியும் அக்கடிதங்களில் கலந்து வந்தன. 1924இல் வெளிவந்த சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாற்று நூல் அக்கடிதங்களைப் பெரிதும் சான்றாகக் கொண்டது. ஒன்றைச் சொல்ல எழுதிய தாள், எழுதியவர் நினையாத வேறொன்றுக்குச் சான்றாகிறது. ஆவணத்தின் இயல்பே அதுதான்.

செண்பகனூரிலிருந்த ஆங்கிலேடு என்னும் பாதிரியார் மலையின் செடிகொடிகளை ஓவியமாகத் தீட்டியதோடு நில்லாமல், இங்குள்ள கற்திட்டைகளையும் ஆராய்ந்தார். நியூட்டன் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. கொடைக்கானலில் 1845இல் முதன்முதல் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷனாரின் தாள்களைக் காண வேண்டுமாயின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓட்டன் நூலகம் வரை செல்ல வேண்டும்.

மூன்றாவது அறிவியலின் ஏடுகள். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் முறையான நோக்கீடுகள் நடைபெற்று வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சங்களுக்குப் பின், கதிரவனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியும் நோக்கமும் அதன் தோற்றத்தில் கலந்திருந்தது. 1909இல் எவர்ஷெட் இங்கேதான் கதிரவக் கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டறிந்தார். உலகம் அதை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1904 முதல் எடுத்துச் சேர்த்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் இன்று கணினிக்கு மாற்றப்பட்டு, பல நாட்டு ஆய்வாளர் பயன்கொள்ளும் செல்வமாகிவிட்டன. தகடு எடுத்தவர்கள் கணினியைக் கனவிலும் கண்டவரல்லர். நாளும் படம் எடுத்து, நாளும் நேரமும் குறித்து, உடையாமல் வைத்தார்கள். அவ்வளவே அவர்கள் செய்தது, அதுவே போதுமானதாயிற்று.

இதே மன்னவனூரில் 1965 முதல் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்கி வருகிறது. ஓர் ஆட்டின் பிறப்பு, தாய், தந்தை, எடை, கம்பளி ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பதியாமல் இன ஆராய்ச்சி நடவாது. நம் ஊரில் ஆட்டுக்குத் தலைமுறைக் கணக்கு உண்டு. மனிதருக்கு உண்டா என்று கேட்டால் நாம் சற்று நாணத்தான் வேண்டும்.

கவிஞர்களுக்கு இதனாலெல்லாம் என்ன பயன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சான்று கூறுகிறேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருப்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் முனைந்தபோது, கைக்கு வந்த சுவடிகளில் அம்மலர் வரிசையின் ஒரு பகுதி சிதைந்திருந்தது. தருமபுரம் ஆதீனத்தின் ஏடுகளில் தேடிய பின்னரே விடுபட்ட பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. எங்கோ ஒரு மடத்தில் எவரோ ஒருவர் அந்த ஏட்டை எறியாமல் வைத்திருந்தார். அவர் எறிந்திருந்தால் கபிலரின் மலைக்காட்டில் சில பூக்கள் நமக்குப் பூத்திரா.

கதை அங்கே முடியவில்லை. பெயர் கிடைத்தது, பூ எது? சில பெயர்களுக்குரிய செடி எதுவென்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். அதைத் தீர்க்கத் தாவரவியலாரின் உலர் தாவரத் தொகுப்பும் வேண்டும். அருட்தந்தை மத்தேயு 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினா தாவரத் தொகுப்பகத்தைத் தோற்றுவித்தார். 1999இல் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அழுத்தி உலர்த்திய ஒரு செடியும், பறித்த இடமும் நாளும் எழுதிய ஒரு சீட்டும் சேர்ந்ததே அத்தொகுப்பின் ஒரு தாள். அதுவும் ஒரு நூலகமே. ஓலைச்சுவடியும் உலர்ந்த செடியும் சந்திக்கும் இடத்தில்தான் ஒரு பழைய பாட்டின் பொருள் துலங்குகிறது. குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூப்பது என்பதும் எண்ணிக் குறித்தவர்களால் உறுதியான உண்மையே. 1994, 2006, 2018 எனக் குறித்துவைத்தோமானால்தான் 2030இல் மலையை நிமிர்ந்து பார்ப்போம்.

இவ்வளவு செல்வத்தையும் அடுக்கியபின் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தொகுப்பும் தன் தலைவனின் தேவையைத்தான் பதிந்தது. வரி கேட்டவன் நிலத்தை அளந்தான். மறை பரப்பியவன் ஆன்மாக்களை எண்ணினான். வானாய்வாளர் கதிரவனைப் பார்த்தார். இத்தனை ஏடுகளிலும் மலைமக்கள் பேசப்படுகிறார்கள், பேசுவதில்லை. படிக்கட்டு வயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரைச் சூட்டியது யார்? பூண்டு நடும்போது பெண்கள் எதைப் பாடினார்கள்? பனி விழுந்த ஆண்டில் என்ன உண்டார்கள்? அளந்தவரின் ஏட்டில் இவற்றுக்கெல்லாம் பத்தி ஒதுக்கப்படவில்லை.

இது வெறும் ஏக்கமன்று. வாழ்வைத் தொடும் செய்தி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய விண்ணப்பத்தில் பொருளின் தோற்றத்துக்குச் சான்று காட்டவேண்டும் என்பது சட்டம். பாட்டன் பயிரிட்டான் என்று வாயால் சொன்னால் போதாது, தாள் வேண்டும். நில உரிமை வழக்கிலும் இதே நிலைதான். 1980இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. அதனோடு ஊர்க்கணக்கை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறையும் மெல்ல மறைந்தது. தாளில்லாத உழவன் தன் நிலத்திலேயே அயலானாக நிற்க நேரும்.

நம்மால் என்ன ஆகும் என்று தயங்க வேண்டா. கோட்டையூர் ரோஜா முத்தையா அரசரல்லர், பேராசிரியருமல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் இலக்கியத்தோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், மலிவு விலைப் பாட்டுப் புத்தகம் என்று பிறர் குப்பையென ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும் நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று இசை, நாடகம், மருத்துவம், மகளிர் வரலாறு எனத் துறை வேறுபாடின்றி ஆய்வாளர்கள் அதன் வாயிலில் நிற்கிறார்கள். ஆராய்ச்சியின் பன்மை, சேர்த்தவரின் பரந்த மனத்திலிருந்து பிறக்கிறது.

சேர்த்தால் மட்டும் போதாது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981 மே முடிந்து சூன் பிறந்த இரவில் அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளாமலே போயின. அந்தத் துயரைத் தாங்கிய ஈழத் தமிழரே 2005இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கினர். ஒரே படி என்பது இல்லாததற்கு அடுத்த நிலை. இரண்டாம் படியிலிருந்துதான் பாதுகாப்புத் தொடங்குகிறது.

ஆகவே வட்டத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, பத்தாண்டுகளில் நாம் வாசித்த கவிதைகளின் கையெழுத்துப் படிகள், அழைப்பிதழ்கள், கூட்டக் குறிப்புகள் யார் யார் வீட்டுப் பரணில் உள்ளன எனக் கணக்கெடுப்போம். நாள் குறிப்பிடாத தாளில் இப்போதே நாளை எழுதுவோம். இரண்டு, ஊர்ப் பெரியோரிடம் வயல், ஓடை, பாறை, பூண்டு வகை ஆகியவற்றின் பெயர்களையும் பாடல்களையும் கேட்டு, சொன்னவர் இசைவு பெற்று, அவர் பெயரும் நாளும் இடமும் சேர்த்துப் பதிவோம். மூன்று, குடும்பங்களிலுள்ள பத்திரங்களையும் கடிதங்களையும் படமெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருவோம். நான்கு, எதையும் இரண்டு இடங்களில் வைப்போம். ஒன்று மலைமேலும் மற்றொன்று சமவெளியிலுமாக இருக்கட்டும். நம் மலையின் ஈரம் தாளுக்குப் பகை. சுவரை ஒட்டி அடுக்குவதும், கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் நன்மை போலத் தோன்றும் தீமைகள்.

பதிவு செய்தால் பாட்டின் உயிர் போய்விடும் என்று கூறும் கவிஞர் உண்டு. பாடிய குரலின் சூட்டைத் தாளில் அடைக்க இயலாதென்பது மெய்யே. ஆனால் பாடுவோர் அருகிவரும் ஊரில் பதியாமல் விட்ட பாட்டுக்குத் தாளும் இல்லை, குரலும் இல்லை. கபிலருக்கு ஓர் ஏடு கிடைத்தது. நடவுப்பாட்டு பாடிய நம் பாட்டிமார்க்கும் ஓர் ஏடு கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வோர் உறுப்பினரும் புதிய கவிதை ஒன்றோடு பழைய தாள் ஒன்றையும் கொண்டுவர வேண்டுகிறேன்.