இருமனப்பட்டு நிற்கும்போது



உத்தியோகமா, மேற்படிப்பா என்று இருமனப்பட்டு நிற்போர் நம்மிடையே பலர். யோசிக்கிறோம் என்பார்கள், யோசனையிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும்.

நாவலர் பெருமானைப் பாருங்கள். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே அவருக்கு ஆசிரியப் பதவி இருந்தது. அதை அவர் எடுத்த எடுப்பில் உதறிவிடவில்லை. பதவியில் இருந்துகொண்டே, 1847 டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். அப்போது வயது 25. வெள்ளிதோறும் பிரசங்கம் நடந்தது; கேட்போரும் பெருகினர். மறு ஆண்டிலேதான் சைவப் பாடசாலையைத் தொடங்கிப் பதவியையும் விட்டார். வழி தெரிந்தபின் நடந்தவரல்லர். நடந்து வழி கண்டவர்.

ஆசிரியராக விரும்பும் தம்பி, இவ்வாரமே வாசிகசாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். அதுவரை, "என்ன முடிவு?" என்று வீட்டார் நாள்தோறும் கேளாதிருப்பார்களாக!