1942 ஏப்ரல்: திருகோணமலை சொல்லும் பாடம்
(நம் சங்கத்தின் பாதுகாப்பு ஒத்திகைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருக்கும் நாம், போர்க்காலத்தில் ஒரு துறைமுகம் தன்னை எப்படிக் காத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1942 ஏப்ரல் 4. இலங்கைக்குத் தெற்கே கடலைக் கண்காணித்துப் பறந்த கனடா நாட்டு விமானி பிர்ச்சால், ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் ரேடியோவில் தகவல் போய்விட்டது. கொழும்புத் துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது ரத்மலானையில் நம் பக்கத்துப் போர் விமானங்கள் தரையிலேயே நின்றிருந்தன. எச்சரிக்கை முந்தின நாளே வந்தும் இந்த நிலை.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. முந்தின இரவே கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலையில் ராடார் எச்சரித்ததும் ஹரிகேன் விமானங்கள் மேலே கிளம்பிவிட்டன. குண்டுகள் விழுந்தன, எண்ணெய்த் தொட்டி எரிந்தது, உயிர்களும் போயின. ஆனாலும் குண்டு விழுந்த நேரத்தில் துறைமுகம் பெரும்பாலும் காலியாக இருந்தது.

வெளியேறிய கப்பல்களில் ஒன்று ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் போர் விமானங்கள் இல்லை. மட்டக்களப்புக்கு அருகே எதிரியிடம் சிக்கியது. உதவிக்கு அழைத்த விமானங்கள் வருமுன் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். 'விடா' என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. வெளியேறினால் மட்டும் போதாது, எங்கே போகிறோம், துணைக்கு யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

இனி நம் ஊர். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற தகவலை நம்பி, அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மக்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். சென்ட்ரல் பக்கம் அப்போதிருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதம் இங்கே ஒரு குண்டும் விழவில்லை. 1943 அக்டோபரில்தான் ஒரு விமானம் வந்து குண்டு போட்டுப் போனது.

2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவு அமோனியா கசிந்தபோது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஜனங்கள் தெருவுக்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போர் வரவேண்டும் என்றில்லை, நமக்கு அந்த ஒரு இரவு போதும்.

அதனால் மூன்று வேண்டுகோள். மாடிப்படியில் இருக்கும் சைக்கிள், செருப்பு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களை யார் கீழே அழைத்து வருவது என்று ஒவ்வொரு மாடியிலும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைச் செயலாளரிடம் கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

ஒத்திகை அன்று வீட்டுக்கு ஒருவராவது கட்டாயம் கீழே வாருங்கள்.